பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், அடியில் சத்தம். யாராவது சொல்லுங்கள், அவசரம்

களக்காட்டு வாழை
அண்ணாச்சிமாரே, பிக்கப்பில் கொஞ்ச நாளாக அடியில் சத்தம். முதலில் லேசாக இருந்தது, இப்போது பாட்டுப் போட்டாலும் கேட்கிறது. ஊர் மெக்கானிக் "ஓட்டுங்க, பார்த்துக்கலாம்" என்கிறார். வெள்ளிக்கிழமை வாழைத்தார் ஏற்றி வள்ளியூர் போகணும். என்னவாக இருக்கும்? செலவு எவ்வளவு இழுக்கும்?

பாளை ஸ்பானர்
எந்த வண்டி, எந்த வருஷம்? சத்தம் எந்த வேகத்தில் வருகிறது? ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? சாதாரணமாக ஓடும்போதே வருமா, ஃபோர் வீல் போட்டால் மட்டுமா?

வள்ளியூர் டீசல்
வீல் பேரிங்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். எனக்கும் இப்படித்தான் வந்தது.

பொருநை மூத்தவன்
"அடியில் சத்தம்" என்றால் ஜோசியர்தான் பதில் சொல்லணும். வண்டி, மாடல், கிலோமீட்டர், சத்தத்தின் வகை, இந்த நாலும் இல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை பேருக்குத்தான் எழுதுவது? பழைய இழைகளை ஒருமுறை புரட்டிவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

குளத்தங்கரை
பணகுடி பக்கம் ஓட்டினீர்களா? ஆடி மாசம் அங்கே எல்லா வண்டியும் ஊளைதான் விடும். காத்து அப்படி.

களக்காட்டு வாழை
பொலேரோ கேம்பர், 2009, கைமாறி வாங்கியது. மீட்டர் ஓடவில்லை. ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊஊ என்று வருகிறது. மிதித்தால் ஏறுகிறது, காலை எடுத்தால் அடங்குகிறது. ரிவர்ஸ் போட்டால் ணங் என்று ஒரு அடி. அப்புறம் தோட்டத்துச் சகதியிலிருந்து ஃபோர் வீலிலேயே ரோட்டுக்கு ஏறி வளைத்தால் டக் டக் என்கிறது. பின் டயர் இரண்டும் புதுசு.

பாளை ஸ்பானர்
அப்போ இது ஒரு சத்தம் இல்லை அண்ணாச்சி, மூன்று.

டக் டக்கை முதலில் தள்ளிவிடுவோம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடணும். இந்த மாதிரி வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சகதியில் டயர் வழுக்கி ஈடு கொடுத்துவிடும். காய்ந்த ரோட்டில் வழுக்காது, முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டில் ஏறும். பின்னால் புது டயர், முன்னால் தேய்ந்த டயர் என்றால் நேராகப் போனாலே முறுக்கு ஏறும். ரோட்டில் ஏறும் முன் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். லீவர் வர மறுத்தால் கொஞ்சம் ரிவர்ஸ் போனால் விட்டுவிடும்.

ணங் என்பது பெரும்பாலும் புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ், அதாவது பின் அச்சுக்குப் போகும் தண்டின் மூட்டு. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, நியூட்ரலில் அடியில் போங்கள். கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, எதிரெதிராகத் திருகுங்கள். அசைந்தால் அதுதான். கிராஸின் கிண்ண ஓரத்தில் சிவப்பாகத் துருப்பொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கிரீஸ் உள்ளே போய் ரொம்ப நாளாச்சு.

ஊளைதான் எனக்குக் கவலை. மிதித்தால் ஏறி, விட்டால் அடங்குவதால் பினியன் பேரிங்மேல் சந்தேகம். பினியன் என்பது பின் அச்சில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம். வீல் பேரிங் ஆக்ஸிலேட்டரைப் பார்த்து மாறாது, வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போதுதான் மாறும். பின் ஹவுசிங்கின் (இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் கூடு) லெவல் பிளக்கைக் கழற்றி விரலை விட்டு ஆயிலைப் பாருங்கள்.

வள்ளியூர் டீசல்
அவ்வளவு வேலை எதற்கு? 90 நம்பர் ஆயிலுக்குப் பதில் இன்னும் கெட்டியான 140 ஊற்றுங்கள். சத்தம் போயிடும்.

பொருநை மூத்தவன்
சத்தம் அடங்கும், பேரிங் செத்துக்கொண்டேதான் இருக்கும். பழைய வண்டி விற்பவர்கள் ஹவுசிங்கில் மரத்தூள் போட்டுத் தள்ளிவிடுவார்களே, அந்த வைத்தியம்தான் இது. கேட்கிறவர் விற்க வரவில்லை, ஓட்ட வந்திருக்கிறார்.

குளத்தங்கரை
மரத்தூளா? வாழைப்பழம் என்றல்லவா கேள்வி.

வள்ளியூர் டீசல்
பழத்தைப் போட்டால் கிரவுன் சூட்டில் கருகிவிடாதா?

குளத்தங்கரை
ரசகதலி என்றால் கருகும். ஏத்தன் தாங்கும்.

மட்டிப்பழம்
ஏத்தனைப் போய் ஹவுசிங்கில் போடுவார்களா வே? அது சிப்ஸுக்கு.

பொருநை மூத்தவன்
இது வண்டி இழை.

பாளை ஸ்பானர்
களக்காட்டு அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி எங்கே நின்றது?

களக்காட்டு வாழை
ஸ்ரீவைகுண்டத்தில், தங்கச்சி வீட்டு வாசலில். பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர். வடிந்ததும் எஞ்சின் ஆயில் மாற்றியாச்சு. அதற்கப்புறம் நன்றாகத்தானே ஓடியது?

மட்டிப்பழம்
காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. வண்டி மிஞ்சியதே பெரிசு.

பாளை ஸ்பானர்
எஞ்சின் ஆயில் சரி. ஹவுசிங் ஆயில்? மேலே காற்றுப் போக ஒரு பிரீதர் இருக்கும். ஹவுசிங் தண்ணீரில் முங்கினால் அது வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் இறங்கும். ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், ஓட்ட ஓட்ட ஆயிலோடு கலக்கும். பேரிங்கில் துரு பிடித்துக் குழி விழும். உடனே சத்தம் வராது, மெதுவாகத்தான் வரும். முன் ஹவுசிங், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

வள்ளியூர் டீசல்
வீல் பேரிங்கும் அதே தண்ணீரில்தானே நின்றது? சும்மா சொன்னேன்.

பொருநை மூத்தவன்
வெள்ளத்தில் நின்ற வண்டி என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் வாழைப்பழம் வரை வந்திருக்க வேண்டாம்.

களக்காட்டு வாழை
கிராஸ் மாற்றியாச்சு, ணங் போச்சு. பின் ஹவுசிங் ஆயில் தண்ணீர் கலந்து பால் காபி நிறம். மற்றதெல்லாம் சுத்தம். ஊளை அப்படியே இருக்கு. வெள்ளிக்கிழமை லோடு மச்சான் வண்டியில்.

பாளை ஸ்பானர்
நல்ல முடிவு. பேரிங்கை மாற்றிப் பழையபடி இறுக்கி மூடிவிட்டால் போதாது. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் உள்ள பிளேயை (இடைவெளியை) டயல் கேஜில் அளந்துதான் மூடணும். இல்லையென்றால் புது பேரிங்கோடு அதே ஊளை திரும்ப வரும். பல்லில் குழி இருந்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்கணும், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

குளத்தங்கரை
ஏத்தன் தார் இப்போ என்ன விலைக்குப் போகுது அண்ணாச்சி?