1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: எஞ்சினை மாற்றாமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பவானிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு மாடல், எங்கள் கொட்டகையில் பல வருஷமாக நிற்கிறது. இப்போது நானே இறங்கிச் சரிசெய்யலாம் என்று இருக்கிறேன். ஆர்சி புத்தகம் கையில் இருக்கிறது, ஆனால் புதுப்பிக்கவில்லை. எஞ்சின் ஜாமாகி நிற்கிறது. இங்குள்ள மெக்கானிக், "இதுக்கு ஸ்பேர் கிடைக்காதுங்க, ஒரு 800 சிசி எஞ்சினைத் தூக்கி வெச்சுடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்பேனர் வேலை ஓரளவு வரும், வெல்டிங் தெரியாது. முதலில் எதில் கை வைப்பது?

சேலம் பியட்:
மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது நண்பரே. பாடி நன்றாக இருந்தால் வேறு எஞ்சின் வைத்து நிம்மதியாக ஓட்டலாம். பழைய எஞ்சினுக்கு லேத் பட்டறைக்கும் வீட்டுக்கும் அலைந்தே காசு கரையும்.

உறையூர் ஹெரால்டு:
தம்பி, எஞ்சினைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். 1961-லிருந்து சென்னையில் தயாரான வண்டி இது. வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அந்த 948 சிசி எஞ்சின் வார்ப்பிரும்பில் செய்த எளிமையான சமாச்சாரம். போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்திருந்தாலும் விவரம் தெரிந்த லேத்காரர் சரிசெய்துவிடுவார். பானெட்டைத் தூக்கிப் பாருங்கள், இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்யலாம். வீட்டில் வேலை பார்க்க இதைவிட வசதியான கார் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜாமான எஞ்சினை செல்ஃப் போட்டுச் சுற்றவே கூடாது. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். அசையாவிட்டால் திரும்ப ஊற்றுங்கள். பலத்தைக் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும். எஞ்சின் விட்டுக்கொடுத்த பிறகு பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றித்தான் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். எந்த முனை எர்த் (பாடியோடு இணைவது) என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டாதீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.

ஆனால் எஞ்சின் இரண்டாவது வேலைதான். முதலில் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், அதன்மேல் பாடி துண்டு துண்டாக போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் படுத்து, பக்கவாட்டில் நீளும் கைகளையும் டிக்கிக்குக் கீழே போகும் பகுதியையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். அங்கே ஒட்டுப் போடாமல் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்கை வெளியே கொடுத்தாலும் தட்டிப் பார்ப்பது உங்கள் வேலைதான். பாடியைக் கழற்ற நேர்ந்தால், கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்காமல் தூக்காதீர்கள். பாடி வளைந்தால் கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே எந்த இடத்தில் எத்தனை ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) இருந்தது என்று எழுதி வையுங்கள், திரும்ப அப்படியே வைக்கவேண்டும்.

பிரேக்குக்கு ஒரே சர்க்யூட்தான். ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் போச்சு. அதனால் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்கள், ஓஸ் எல்லாமே புதிது போடுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் பண்ணக் கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

பெட்ரோல் டாங்க்கைக் கழற்றிக் கழுவியாக வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் கால ரப்பரை அது உப்பவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஓஸும் பம்ப் டயாஃப்ரமும் போட்டுக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள். வால்வு சீட்டைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்திலேயே நின்றுவிட்டது. எப்படியும் ஹெட்டைத் திறக்கிறீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் வைத்துவிடுங்கள். அதுவரை டேப்பெட் இடைவெளி பத்து தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. அது தானாகக் குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட் தேய்கிறது என்று அர்த்தம்.

ஸ்பேருக்குச் சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு சுற்று தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் இந்த வண்டியின் இங்கிலாந்துப் பெயரான 'ட்ரையம்ப் ஹெரால்டு' என்று தேடுங்கள். முன் சஸ்பென்ஷன் சாமான்கள் பல ட்ரையம்பின் ஸ்பிட்ஃபயர் காருக்கும் ஒன்றுதான், இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

அடையாறு மீனா:
உறையூர் அண்ணா சொன்னதோடு ஒரு விஷயம். எஞ்சினை மாற்றினால் விண்டேஜ் பதிவும் கைவிட்டுப் போகும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அந்த நம்பர் உங்கள் அப்பாவின் நம்பர் அல்லவா, விட்டுவிடாதீர்கள். ஆனால் விண்டேஜ் பதிவில் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி காரணங்களுக்குத்தான். தினமும் ஓட்டுவதாக இருந்தால் வழக்கமான புதுப்பித்தல்தான் வழி.

பவானிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. எஞ்சின் மாற்றும் பேச்சு இனி இல்லை. உறையூர் அண்ணா, மெக்கானிக் போன வாரம் முன் சக்கரத்துக்கெல்லாம் கிரீஸ் அடித்துவிட்டுப் போனார். அது போதும்தானே?

உறையூர் ஹெரால்டு:
தம்பி, நல்லவேளை கேட்டீர்கள். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் வெர்டிக்கல் லிங்க்கின் எஃகு மரை அதற்குள் முறுக்கியிருக்கும், ஸ்டீயரிங் திரும்புவதே அந்த மரையில்தான். அங்கே கிரீஸ் கூடாது, 90 கிரேடு கியர் ஆயில்தான் போகவேண்டும். கிரீஸ் காய்ந்து கெட்டியாகும், அதன் பின்னால் தண்ணீர் தங்கி எஃகை அரிக்கும். ஒருநாள் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது லிங்க் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். நெடுஞ்சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அடித்த கிரீஸை அப்படியே விடாதீர்கள். இரண்டு பக்கமும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை மட்டும் தொடாதீர்கள், ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது, ஆளையே அடிக்கும். மரை ட்ரன்னியனுக்குள் நுழையும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் லிங்க்கைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், யார் தேய்த்துத் தருகிறேன் என்றாலும் கேட்காதீர்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர், மாற்றி வாங்கிவிடக் கூடாது. மாட்டும்போது கடைசிவரை முறுக்கி, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் பின்னால் எடுங்கள், அப்போதுதான் சக்கரம் இரு பக்கமும் முழுசாகத் திரும்பும். ட்ரன்னியனில் இருக்கும் பிளக்கை எடுத்து கிரீஸ் நிப்பிள் போட்டு, கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, மேல் சீல் வழியாகக் கசியும்வரை அழுத்துங்கள்.

கழுவிய மரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பார்த்துவிட்டு, வாங்கவேண்டுமா என்று சொல்கிறேன்.