கையடக்க ஜிபிஎஸ்: விடுதி வாசலில் நிற்கிறேன், 40 கிலோமீட்டர் என்கிறது

புதுநடையன்: நண்பர் ஒருவர் தந்த பழைய ஜிபிஎஸ் கருவியோடு கொடைக்கானல் வந்திருக்கிறேன். இரண்டு பென்சில் பேட்டரி போடும் அடிப்படை மாடல். அறைக்குள் வெகுநேரம் தேடியும் செயற்கைக்கோள் சிக்கவில்லை. வெளியே வந்ததும் சிக்கியது. ஆனால் கைபேசியில் பார்த்துப் பதிந்த விடுதியின் இடம் (10.2381, 77.4892) சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாம்! நின்று பார்த்தால் திசை அம்பும் கண்டபடி சுற்றுகிறது. கருவி பழுதா?

வரைபடப்பித்தன்: அதற்குள் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பதிந்த எண் திரையில் எப்படித் தெரிகிறது? அப்படியே எழுதுங்கள்.

புதுநடையன்: வடக்கு 10° 23.810', கிழக்கு 77° 48.920'.

வரைபடப்பித்தன்: நினைத்தேன். கைபேசி தந்தது தசமப் பாகை; கருவி கேட்பது பாகையும் நிமிடமும். ஒரு பாகைக்கு 60 நிமிடம். 0.2381-ஐ 60-ஆல் பெருக்கினால் 14.286, 0.4892-ஐப் பெருக்கினால் 29.352. அதாவது கருவியில் 10° 14.286', 77° 29.352' என்று பதிந்திருக்க வேண்டும். நீங்கள் பதிந்த புள்ளி மலையை விட்டிறங்கிக் கன்னிவாடிப் பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுவது வீண் வேலை. அமைப்புகளில் 'பொசிஷன் ஃபார்மட்' என்பதைத் தசமப் பாகைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதால் பழைய புள்ளி தானாகத் திருந்தாது. அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். பக்கத்திலேயே 'மேப் டேட்டம்' (பூமியில் இடங்களை அளக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படை) இருக்கும். அது ஜிபிஎஸ்ஸின் வழக்கமான அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84 என்றே இருக்கட்டும், கை வைக்காதீர்கள்.

சோலைக்காடு: அம்புக்கு நான் பதில் சொல்கிறேன். அடிப்படை மாடல்கள் பலவற்றில் காந்தத் திசைகாட்டி கிடையாது. நீங்கள் நகர்வதை வைத்துத்தான் கருவி திசையைக் கணிக்கிறது. நின்றால் அதற்குத் திசை தெரியாது. நேராகக் கொஞ்ச தூரம் நடங்கள், அம்பு அடங்கிவிடும். அறைக்குள் சிக்காததும் இயல்புதான், கான்கிரீட் கூரையைத் தாண்டி வரும் அளவுக்கு அந்தச் சமிக்ஞைக்கு வலுவில்லை. நாள்கணக்கில் அணைந்து கிடந்த கருவி என்றால் திறந்த வெளியில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வாருங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை இறங்க 12.5 நிமிடம் பிடிக்கும்.

புதுநடையன்: மாற்றிப் பதிந்தேன். 8 மீட்டர் என்கிறது! மிக்க நன்றி. நாளை பேரிஜம் ஏரிக்குப் போகிறேன். ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?

சோலைக்காடு: தாராளமாக. அமைப்புகளில் பேட்டரி வகையை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று மாற்றுங்கள். இல்லையென்றால் மீதி எவ்வளவு என்று திரை காட்டுவதை நம்ப முடியாது. மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வாங்கிவிட்டீர்கள் அல்லவா?