எங்கள் குடும்ப டார்ட்டனில் எந்த நிறத்தை எடுப்பது?

கிரானைட் ஊர்:
வணக்கம். நாங்கள் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருக்கிறோம். மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, மாப்பிள்ளை இந்த ஊர்ப் பையன். அவருடைய கில்ட்டுக்கும் (இங்கே ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு உடை) மகள் போர்த்தும் சால்வைக்கும் சேர்த்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு டார்ட்டன் (நிறக் கோடுகள் குறுக்கிடும் கட்டத் துணி வடிவம்) வரைந்து பதிய ஆசை. ஏழு நிறம் எடுத்திருக்கிறேன்: இந்த ஊர்க் கட்டடங்களின் கிரானைட் சாம்பல், வட கடலின் கருநீலம், ஸ்காட்லாந்துக் கொடியின் வெள்ளை, ஹெதர் பூவின் ஊதா, கோர்ஸ் புதரின் மஞ்சள், டீ ஆற்றங்கரைப் பச்சை, கூறைப்புடவைச் சிவப்பு. எல்லாம் ஒரே அகலம். திரையில் பார்த்தால் எதுவுமே எடுப்பாக இல்லை. எதை மாற்றலாம்?

பாவும் ஊடையும்:
முதலில் வாழ்த்துகள்! நான் செல்கர்க் பக்கம் ஒரு நெசவாலையில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன்.

சிக்கல் ஏழு நிறத்தில் மட்டும் இல்லை. டார்ட்டனில் பாவில் (நீளவாட்டு இழைகளில்) நிறங்கள் என்ன வரிசையோ, பெரும்பாலும் அதேதான் ஊடையிலும் (குறுக்கு இழைகளிலும்). ஒரு நிறம் தன்னையே சந்திக்கும் இடத்தில்தான் சுத்தமாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் கலவை. ஏழு நிறம் போட்டால் துணியில் 28 சாயல் வரும், ஏழு சுத்தம், 21 கலவை. அத்தனையும் ஒரே அகலத்தில் நின்றால் கண் எங்கே தங்கும்?

பச்சையை எடுத்துவிடுங்கள். நீலமும் மஞ்சளும் குறுக்கிடும் இடத்தில், தள்ளி நின்று பார்த்தால் பொட்டுப் பொட்டாகப் பச்சைச் சாயல் தானே வரும். ஆற்றங்கரை எங்கும் போகாது. அப்புறம் ஒரு நிறம் ஆள வேண்டும். உங்களுக்கு அது நீலம்தான் என்று நினைக்கிறேன். இந்த இழை எண்ணிக்கையில் போட்டுப் பாருங்கள்:

சிவப்பு 4, சாம்பல் 24, நீலம் 44, வெள்ளை 4, ஊதா 28, மஞ்சள் 4.

சிவப்பிலிருந்து மஞ்சள் வரை போய், அங்கே திரும்பி அதே வழியில் சிவப்புக்கு வர வேண்டும். திரும்பும் இரண்டு நிறங்களையும் ஒரு முறைதான் எண்ணுவோம். ஆக முழுக் கட்டம் 208 இழை. அங்குலத்துக்கு 40 இழை என்றால் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். கில்ட்டுக்கு நல்ல அளவு. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே அந்த நாலு இழை வெள்ளை இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும்.

லீத் வாசகி:
பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன். 2008-ல் வந்த சட்டப்படி ஸ்காட்டிஷ் டார்ட்டன் பதிவேடு 2009 முதல் நடக்கிறது, எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் பார்த்துக்கொள்கிறது. இழை எண்ணிக்கை, படம், நிறங்களுக்கான காரணம், அந்தப் பெயரோடு உங்களுக்குள்ள தொடர்பு எல்லாம் கேட்பார்கள். ஏற்கனவே பதிந்தவற்றிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். உங்கள் குடும்பப் பெயரிலேயே பதியுங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது கிளானை (ஸ்காட்டிஷ் குலத்தை) சேர்ந்தவர்கள் என்றால், அந்தக் கிளான் பெயரை வைக்கத் தலைவரின் சம்மதம் தேவைப்படும்.

கிரானைட் ஊர்:
இருவருக்கும் மிக்க நன்றி. போட்டுப் பார்த்தேன், நீலம் நிமிர்ந்து நிற்கிறது! மகளுக்கு ஒரே கவலை: நாலு இழைச் சிவப்பு கண்ணில் படுமா?

பாவும் ஊடையும்:
படும். சாம்பலுக்கு நடுவில் சிவப்பு நிற்பதால் ஊதாப் பக்கம் இருப்பதைவிட நன்றாகவே படும். இன்னொரு வழியும் இருக்கிறது. கில்ட் தைப்பவரிடம், பின்பக்க மடிப்புகளைக் கட்டம் தொடர்ந்து வருகிற மாதிரி வைக்காமல், கோட்டுக்கு மடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் சிவப்புக் கோடு வரும்படி மடித்தால், முன்னால் நீலக் கட்டமாகவும் பின்னால் வரிசையாகச் சிவப்புக் கோடுகளாகவும் தெரியும். படைப்பிரிவுகளின் கில்ட்களில் இப்படி மடிப்பது பழைய வழக்கம். கில்ட்டுக்கு ஒற்றை அகலத்தில் சுமார் 8 கஜம் போகும். மொத்தமாக நெய்யச் சொல்லும் முன் ஒரு மாதிரித் துண்டு நெய்து வாங்குங்கள். அதை வெளியே, பகல் வெளிச்சத்தில் வைத்து ஊதாவையும் நீலத்தையும் பாருங்கள். ஊதா கொஞ்சம் வெளிறியதாக இருந்தால்தான் ஹெதர் மாதிரி வரும்.