ஜிப்புல ரெண்டு லிஸ்ட்டயும் இடம் மாத்துனா ப்ரோக்ராம் தொங்குது, ஏன்?

இலைமறை:
ஹாஸ்கெல்ன்ற ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் கத்துக்கிட்டு இருக்கேன். லேஸி எவாலுவேஷன்னா "தேவப்படுறப்ப தான் கணக்கு போடும்"னு எல்லாரும் ஒரே வரில சொல்லிட்டு போயிடுறாங்க, ஆனா அந்தத் தேவைய யாரு முடிவு பண்றாங்கனு தான் பிடிபட மாட்டேங்குது. [1..], அதாவது 1ல இருந்து முடிவே இல்லாம போற லிஸ்ட்ட எடுத்து 5க்கு கம்மியா இருக்கறத மட்டும் ஃபில்டர் பண்றேன். ரெண்டு லிஸ்ட்ட ஜோடி ஜோடியா சேர்க்குற ஜிப்புக்கு முதல்ல [10,20,30,40], ரெண்டாவதா இந்த ஃபில்டர்னு குடுத்தா நாலு ஜோடி வந்து அழகா முடியுது. இடத்த மாத்தி ஃபில்டர முதல்ல குடுத்தா நாலு ஜோடியும் திரைல வருது ஆனா கடைசி ப்ராக்கெட் மட்டும் வரவே இல்ல, கன்ட்ரோல் சி அடிச்சு தான் நிறுத்த வேண்டியிருக்கு. பேட்டர்ன் மேட்சிங்குக்கும் (டேட்டா எந்த வடிவத்துல இருக்குனு பாத்து அதுக்கேத்த வரிய எடுக்குறது) இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

மேல்வரி:
சம்பந்தம் என்ன, முழுக் காரணமே அது தான். ஜிப் எப்படி எழுதியிருக்குனு பாருங்க:

ஜிப் [] _ = []
ஜிப் _ [] = []
ஜிப் (அ:மீதி1) (ஆ:மீதி2) = (அ,ஆ) : ஜிப் மீதி1 மீதி2

மேட்சிங் மேல இருந்து கீழ வரும், ஒரு வரிக்குள்ள இடமிருந்து வலமா போகும். முதல் வரில முதல் லிஸ்ட் காலியானு கேக்குது, அண்டர்ஸ்கோர் இருக்கறதால ரெண்டாவது லிஸ்ட்ட தொடவே தொடாது. நாலு ஜோடி முடிஞ்சதும் முதல் லிஸ்ட் [10,20,30,40] ஓட மிச்சம்னா அது காலி, சட்டுனு பதில் வந்துடும், ஃபில்டர் பக்கம் யாரும் போகல. மாத்திப் போட்டீங்கன்னா "காலியா"ன்ற கேள்வி ஃபில்டர்கிட்ட போகுது, அது 5, 6, 7னு தேடிக்கிட்டே போகும், எதுவும் 5க்கு கம்மியா இருக்காது, ஆனா இனிமே வராதுன்னும் அதால சொல்ல முடியாது. ரெண்டாவது லிஸ்ட் காலியாகி ரெடியா நிக்குது, அத பாக்குற வரிக்கு வந்தா தானே!

உங்க முதல் கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. தேவைய உண்டாக்குறது பேட்டர்ன் தான். வெறும் பேரு வெச்சாலோ அண்டர்ஸ்கோர் வெச்சாலோ எதுவும் ஓடாது, கன்ஸ்ட்ரக்டர் (டேட்டாவ கட்டுற குறி, [], : மாதிரி) எழுதுன இடத்துல தான் உள்ள இருக்கற தங்க் (இன்னும் போடாம தள்ளி வெச்ச கணக்கு) ஓட ஆரம்பிக்கும்.

நுனிக்கிளை:
மேல சொன்னது சரி, ஆனா "ஓட ஆரம்பிக்கும்"னா எவ்வளவு தூரம்னு சொல்லணும், நிறைய பேரு தடுமாறுறது அங்க தான். பேட்டர்ன் கேக்குற அளவுக்கு மட்டும் தான் ஓடும், அதாவது வெளிப்புற கன்ஸ்ட்ரக்டர் தெரியற வரைக்கும், இதுக்கு வீக் ஹெட் நார்மல் ஃபார்ம்னு பேரு. (அ:மீதி)னு மேட்ச் பண்ணா லிஸ்ட்ல ஒரு செல் இருக்குனு மட்டும் தெரியும், அ என்னனு இன்னும் தெரியாது. அதனால தான் ரெண்டு அன்டிஃபைன்டு (கணக்கு போட்டா எரர் குடுக்குற மதிப்பு) போட்ட லிஸ்ட்டுக்கு லெங்த் கேட்டா வெடிக்காம 2னு வருது. நியூடைப் (இருக்கற டைப்ப புது டைப்பா காட்டுறது) கன்ஸ்ட்ரக்டர் மட்டும் விதிவிலக்கு, ஓடுறப்ப அது கிடையாது, அதனால மேட்ச் பண்ணாலும் எதுவும் ஓடாது.

இன்னொன்னும் பாத்து வெச்சுக்கங்க. ஒரு லிஸ்ட்ட இரட்டைப்படை ஒத்தப்படைனு ரெண்டா பிரிக்குற ஃபங்ஷன நீங்களே எழுதுறீங்க, ரிக்கர்ஷன்ல (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுறது) இருந்து ஒரு டியூப்பிள், அதாவது ரெண்டு மதிப்பு சேர்ந்த ஜோடி, வரும். அத கேஸ் வெச்சு பிரிச்சா டியூப்பிள் கன்ஸ்ட்ரக்டர் இப்பவே வேணும்னு அர்த்தம், அதுக்கு அடுத்த ரிக்கர்ஷன் முடியணும், அதுக்கு அதுக்கடுத்தது, [1..] குடுத்தா முதல் நம்பர் கூட வெளிய வராது. அதையே லெட்ல பிரிச்சா பேட்டர்ன் லேஸி, முதல் அஞ்சு இரட்டைப்படை நம்பர் கேட்டா சமத்தா குடுத்துடும். கேஸ்லயே அந்த வேலை வேணும்னா பேட்டர்னுக்கு முன்னாடி ஒரு ~ போடுங்க. ஆனா ரெண்டு மூணு கன்ஸ்ட்ரக்டர் இருக்கற டைப்புக்கு ~ போட்டா எப்பவும் மேட்ச் ஆச்சுனே எடுத்துக்கும், அடுத்த வரிக்கு போகவே போகாது, அப்புறம் உள்ள இருக்கறத கேக்குறப்ப வெடிக்கும்.

கண்டிப்பு:
நான் வேலை பாக்குறது ஓகேமல்ன்ற இன்னொரு லாங்குவேஜ்ல, அங்க ஆர்கியுமென்ட் எல்லாம் முன்னாடியே கணக்கு போட்டு தான் வரும், மேட்ச் பண்றது வெறும் பிரிச்சுப் பாக்குறது தான். லேஸியா வேணும்னா லேஸினு நாமளே எழுதணும், டைப்லயே அது தெரியும், லேஸினு பேட்டர்ன்ல எழுதுனா அந்த இடத்துல ஓடும். எனக்கு இது தான் பிடிச்சிருக்கு, ஏன்னா தங்க் எங்க இருக்குனு கோட படிச்சே சொல்லிடலாம். ஹாஸ்கெல்ல ஒரு கோடி நம்பர ஃபோல்டுஎல் (லிஸ்ட்ட இடமிருந்து ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போற ஃபங்ஷன்) வெச்சு கூட்டிப் பாருங்க, ஆப்டிமைசேஷன் இல்லாம ஓட்டுனா கூட்டவே மாட்டான், கூட்டணும்னு குறிச்சு வெச்ச தங்க்க ஒண்ணு மேல ஒண்ணா கட்டிக்கிட்டே போவான், மெமரி ஏறிக்கிட்டே இருக்கும். காரணம் நீங்க சொன்னதே தான், அக்யூமுலேட்டர (அதுவரைக்கும் சேர்ந்த விடை) யாரும் மேட்ச் பண்ணல, அது வெறும் பேரு.

மேல்வரி:
@கண்டிப்பு உண்மை, அதுக்குத் தான் பேங் பேட்டர்ன் இருக்கு, அக்யூமுலேட்டர் பேருக்கு முன்னாடி ஒரு ! போட்டா ஒவ்வொரு சுத்துலயும் அத வீக் ஹெட் நார்மல் ஃபார்முக்கு கொண்டு வந்துடும், நம்பருக்கு அதுவே போதும். ஆனா அக்யூமுலேட்டர் ஒரு டியூப்பிளா இருந்தா டியூப்பிள் மட்டும் தான் வெளிய வரும், உள்ள ரெண்டு தங்க்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால உள்ள இருக்கற ரெண்டுக்கும் தனித்தனியா ! வேணும்.

இலைமறை:
இப்ப தெளிவா இருக்கு, ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம், எந்தப் பக்கம் குடுத்தாலும் தொங்காத ஜிப் எழுத முடியாதா?

நுனிக்கிளை:
சாதாரண ஹாஸ்கெல்ல முடியாதுங்க. ஏதோ ஒரு லிஸ்ட்ட முதல்ல பாத்தே ஆகணும், பாக்குற லிஸ்ட் தொங்குனா இன்னொன்னு காலியானு கேக்க நேரமே வராது, ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டி எது முதல்ல முடியுதுனு பாத்தா தான் உண்டு. உங்க கேஸுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்பர் ஏறிக்கிட்டே போகும்னு உங்களுக்குத் தெரியும், ஃபில்டருக்குத் தெரியாது. ஃபில்டருக்கு பதிலா டேக்வைல் போடுங்க, 5 வந்த உடனே லிஸ்ட்ட மூடிடும், அப்புறம் எந்தப் பக்கம் வெச்சாலும் முடியும்.