படிக்காமல் கிடக்கும் 187 புத்தகங்கள்: உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

பாசஞ்சர்வாசி (திருச்சி):
போன மாதம் வாடகை வீடு மாற்றினோம். சாமான் ஏற்ற வந்த பையன் பதினோராவது அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் புக்குதானா சார்? எல்லாம் படிச்சிட்டீங்களா?" என்றான். "பாதி" என்று சமாளித்தேன். புது வீட்டில் அடுக்கும்போது எண்ணினேன். மொத்தம் 431. படிக்காதவை 187. பலவற்றுக்குள் ரசீதுகூட மடித்தபடியே இருக்கிறது. ஒரு நாவலை 2018-லும் 2020-லும் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். இரண்டையும் படிக்கவில்லை.

நான் படிக்காத ஆள் இல்லை. தினமும் தஞ்சாவூருக்கு ரயிலில் போய் வரும்போது படிப்பதுதான். வருஷத்துக்கு இருபத்தைந்து தேறும். வாங்குவது நாற்பது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் பத்து சதவீதக் கழிவு என்று மனது துள்ளுகிறது. அந்தக் கழிவு ரயில் டிக்கெட்டுக்கே காணாது. சங்க இலக்கிய உரைகளை வாங்கியபோது ஓய்வு பெற எனக்கு இருபது வருஷம் இருந்தது. வாங்குகிற நேரத்தில் நான் வேறு ஆள் போலிருக்கிறது, நிறைய சாவகாசம் உள்ள ஆள்.

(ஜப்பானில் இதற்கு 'சுண்டோகு' என்று ஒரு சொல் உண்டு என்று யாரும் வர வேண்டாம். தெரியும்.)

இருப்பதை முடிக்கும்வரை வாங்குவதை நிறுத்திவிடலாமா?

மறுபதிப்பு:
நிறுத்தாதீர்கள். தமிழில் ஒரு புத்தகம் அடுத்த வருஷமும் இருக்கும் என்று என்ன உத்தரவாதம்? முன்பு ஆயிரம் பிரதி அடிப்பார்கள், இப்போது இருநூறு முந்நூறோடு நிற்பதும் உண்டு. 2009-இல் ஒரு மொழிபெயர்ப்புச் சிறுகதைத் தொகுப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வந்தேன். பதிப்பகமே மூடிவிட்டார்கள். நண்பரிடம் கெஞ்சி வாங்கிய ஜெராக்ஸ்தான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதற்கப்புறம் எதையும் கீழே வைப்பதில்லை.

வசம்பு:
தம்பி, பயந்து வாங்குவது சரி, வாங்கினால் திறந்தாவது பாருங்கள். திறக்காத புத்தகத்தைத்தான் இராமபாணப் பூச்சி முதலில் கண்டுபிடிக்கும். அலமாரியில் வசம்பைத் துணியில் கட்டி வைக்கிறேன், மாதம் ஒரு தடவை தூசி தட்டுகிறேன், அப்படியும் இரண்டு போய்விட்டன.

நான் கவனித்த இன்னொன்று. நூலகத்தில் எடுப்பதைப் படித்துவிடுகிறேன், சொந்தப் புத்தகம்தான் கிடக்கிறது. நூலகப் புத்தகத்துக்குத் திருப்பித் தரும் தேதி இருக்கிறது. சொந்தப் புத்தகம் எங்கே போய்விடப்போகிறது என்ற தைரியம்!

கோட்டையூர் பக்கம்:
எங்கள் ஊர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள் சார். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் சேர்த்தார். அத்தனையையும் ஒருவர் படித்திருக்க முடியுமா? 1983-இல் அவர் காலமானார். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. இன்றைக்குத் தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் முடியாது.

வசம்பு:
அவர் சேர்த்தது வேறு யாரும் சேர்க்காததை. தம்பி வைத்திருப்பது கடையில் கிடைக்கிற நாவல், அதுவும் இரண்டு பிரதி.

பாசஞ்சர்வாசி:
அக்கா சொன்னது சுருக்கென்றுதான் இருக்கிறது. அந்தத் தேதி யோசனையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து புத்தகங்களின் முதல் பக்கத்தில் பென்சிலால் 'திருப்ப வேண்டிய நாள்' எழுதி, தவறினால் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் என்று மனைவியிடம் ஒப்பந்தம். அவள் இப்போதே வரவை எதிர்பார்க்கிறாள்.

இரண்டு முறை வாங்கிய நாவலை நேற்று ரயிலில் ஆரம்பித்தேன். பூதலூர் தாண்டுவதற்குள் நாற்பது பக்கம். சுமார்தான். இன்னொரு பிரதி யாருக்காவது வேண்டுமா? தபால் செலவு என்னுடையது.