63 ஆட்டங்கள், 2 கோப்பைகள்: லிவர்பூலின் 2021-22 சீசன் எங்கே நழுவியது?

காட்பாடிக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆற்காட்டில் இருக்கும் என் மைத்துனருக்கும் எனக்கும் நீண்ட நாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. விவரம் அறிந்தவர்கள் இதைத் தீர்த்துவைக்க வேண்டும்.

2021-22 சீசனில் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணி தான் பங்கேற்ற நான்கு போட்டிகளிலும் ஆடச் சாத்தியமான ஆட்டங்கள் அனைத்தையும் ஆடியது. இங்கிலாந்தின் லீக் தொடரான பிரீமியர் லீகில் 38, ஐரோப்பிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் 13, உள்நாட்டு நாக்-அவுட் தொடர்களான எஃப்.ஏ. கோப்பையில் 6, லீக் கோப்பையில் 6 என மொத்தம் 63. இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள் கைக்கு வந்தன. லீக் பட்டம் ஒரே ஒரு புள்ளியில், 93-க்கு 92 என்ற கணக்கில், மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. அடுத்த வாரமே பாரிஸில் ரியல் மாட்ரிட்டிடம் 0-1 என்று சாம்பியன்ஸ் லீகும் போனது.

களைப்புதான் அவர்களை வீழ்த்தியது என்பது என் கட்சி. நான் இப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் சிறுவர் அணி சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு நாக்-அவுட் தொடர்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, 13 பையன்களை வைத்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டாவது தொடரின் அரையிறுதியில் பந்து காலடியில் வந்து நின்றும் உதைக்க ஆளில்லை. சிட்டி ரசிகரான மைத்துனரோ, களைப்பு என்பது தோற்றவர்கள் சொல்லும் சாக்கு என்கிறார். பந்தயம் ஆற்காடு மக்கன் பேடா, அரை கிலோ.

பாலாற்று மணல்:

நண்பரே, உங்கள் அனுபவம் உண்மையாக இருக்கலாம். ஆனால் லீகைப் பொறுத்தவரை அது இங்கே பொருந்தவில்லை. களைப்பால் பட்டத்தை இழந்த அணி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் புள்ளிகளைச் சிந்தியிருக்க வேண்டும். லிவர்பூல் சிந்தியது புத்தாண்டுக்கு முன்னும் அதை ஒட்டியும்தான்.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஜனவரி 2-ஆம் தேதி செல்சியுடன் 2-2 என்று முடிந்த ஆட்டத்தோடு அவர்கள் 20 லீக் ஆட்டங்களை முடித்திருந்தார்கள். கிடைத்திருந்தவை 42 புள்ளிகள். அதன் பிறகு மிஞ்சிய 18 ஆட்டங்களில் 16 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. 54-இல் 50 புள்ளிகள். அந்த இரண்டு டிராக்களில் ஒன்று சிட்டியின் சொந்த மைதானத்தில் 2-2; மற்றொன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாமுடன் 1-1. கால் ஓய்ந்த அணியின் கணக்கு இப்படியா இருக்கும்?

முதல் பாதியில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் ஆன்ஃபீல்டில் செல்சி பத்து பேராகக் குறைந்த பிறகும் 1-1, பிரென்ட்ஃபோர்டில் 3-3, பிரைட்டனுடன் 2-0 என்று முன்னிலை பெற்றுவிட்டு 2-2, வெஸ்ட் ஹாமிடம் 2-3 தோல்வி. டிசம்பர் 19 முதல் ஜனவரி 2 வரை அடுத்தடுத்து ஆடிய மூன்று லீக் ஆட்டங்களில் டாட்டன்ஹாமுடன் 2-2, லெஸ்டரிடம் 0-1, செல்சியிடம் மறுபடியும் 2-0 என்ற முன்னிலையைக் கோட்டைவிட்டு 2-2. ஆக 9 புள்ளிகளில் 2. லெஸ்டரில் லிவர்பூலின் முன்கள வீரர் சலாவின் பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றில் களைப்பைவிடக் கோவிட்டுக்குப் பங்கு அதிகம்; டாட்டன்ஹாமுக்கு எதிராக முக்கிய வீரர்களான வான் டைக்கும் ஃபபின்யோவும் இல்லை, செல்சி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் கிளாப்பே வரவில்லை.

இதைவிட வேடிக்கை, ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பைக்காகச் சலாவும் இன்னொரு முன்கள வீரர் மானேயும் போயிருந்த ஜனவரியில் அணி தள்ளாடும் என்று எல்லோரும் பேசினோம். இருவரும் இல்லாத இரண்டு லீக் ஆட்டங்களையும், பிரென்ட்ஃபோர்டை 3-0 என்றும் கிரிஸ்டல் பேலஸை 3-1 என்றும், லிவர்பூல் வென்றது. பட்டம் போனது அவர்கள் இருவரும் ஆடிக்கொண்டிருந்தபோது.

குடியாத்தம் தறி:

மேலே எழுதியவர் லீகை நன்றாக அலசிவிட்டார். நான் கோப்பைகளின் பக்கம் வருகிறேன். அங்கே நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது.

அந்த சீசனில் லிவர்பூல் அடித்த கோல்கள் 147. ஆனால் பிப்ரவரி 27-இல் செல்சியுடன் லீக் கோப்பை இறுதி, மே 14-இல் அதே செல்சியுடன் எஃப்.ஏ. கோப்பை இறுதி, மே 28-இல் ரியல் மாட்ரிட்டுடன் இறுதி என்று ஆடிய மூன்று இறுதி ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. முதல் இரண்டும் கூடுதல் நேரத்தோடு 120 நிமிடங்கள், மூன்றாவது 90. மொத்தம் 330 நிமிடங்கள். இரண்டு கோப்பைகளும் பெனால்டியில் வந்தவை. முதலாவதில் 11-10, இரு அணிகளிலும் களத்தில் இருந்த அனைவரும் உதைத்து முடித்து, கடைசியில் லிவர்பூல் கோல்கீப்பர் கெலஹர் கோல் அடிக்க, செல்சியின் கோல்கீப்பர் கெபா தன் உதையை வானத்துக்கு அனுப்பினார். இரண்டாவதில் 6-5, மானேயின் உதையை செல்சி கோல்கீப்பர் மெண்டி தடுத்தும், செல்சியின் மவுண்ட் உதைத்ததை லிவர்பூல் கோல்கீப்பர் அலிசன் தடுத்ததால் தப்பித்து, லிவர்பூலின் சிமிகாஸ் முடித்துவைத்தார்.

ஆகவே மைத்துனரிடம் சொல்லுங்கள்: லிவர்பூலுக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை என்று யாரும் அழ முடியாது. லீக் கோப்பைக் காலிறுதியில் லெஸ்டரிடம் 2-3 என்று தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை லிவர்பூல் வீரர் மினாமினோ 95-ஆம் நிமிடத்தில் சமன் செய்திராவிட்டால், அந்தக் கோப்பை டிசம்பரிலேயே முடிந்திருக்கும். உள்நாட்டுக் கோப்பைகளில் மட்டும் 7 கோல்கள் அடித்த அந்த மனிதரைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. அந்தக் கோடையிலேயே மொனாக்கோவுக்கு விற்கப்பட்டார். பெரிய பெயர்களுக்கு ஓய்வு கொடுத்து, தொடக்கச் சுற்றுகளை இரண்டாம் வரிசை வீரர்களைக் கொண்டு கடந்ததால்தான் 63 ஆட்டங்கள் சாத்தியமாயின. நீங்கள் 13 பையன்களோடு பட்ட பாட்டை அவர்கள் படவில்லை.

காட்பாடிக்காரன்:

லீகைப் பற்றி பாலாற்று மணல் எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்த 50 புள்ளிக் கணக்கை நான் இதுவரை பிரித்துப் பார்க்கவே இல்லை. ஆனால் பாரிஸை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எஃப்.ஏ. கோப்பை இறுதியின் முதல் பாதியிலேயே சலா காயத்தோடு வெளியேறினார். வான் டைக்கும் அன்று முழுதாக ஆடவில்லை. ஃபபின்யோ அதற்கு நான்கு நாள் முன்பே அடிபட்டிருந்தார். லீகின் கடைசி நாளில் தியாகோவும் காயம்பட்டார். இந்த நால்வரும் பாரிஸில் முதல் பதினொருவரில் இறங்கினார்கள். இது களைப்பின் விளைவு இல்லை என்றால் வேறு என்ன?

அந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தின் வெக்கை அடங்காத மொட்டை மாடியில் நாங்கள் ஆறு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். நமக்கு நள்ளிரவு 12:30-க்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் 36 நிமிடங்கள் தள்ளிப்போனது. விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டிய இருவர் பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டார்கள்.

ராணிப்பேட்டை வாசகர்:

தம்பி, தாமதத்தின் காரணத்தையும் பதிவு செய்துவிடுவோம். மைதானத்தின் வாயில்களில் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள், கண்ணீர்ப் புகைக்கும் ஆளானார்கள். முதலில் பழியும் அவர்கள்மேலேயே போடப்பட்டது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கையோ முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவையே சாரும் என்றது.

ஆட்டத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன நால்வரின் உடல்நிலை பற்றிய கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் அன்று லிவர்பூல் ஓடாமல் நின்றுவிடவில்லை, தாக்கிக்கொண்டே இருந்தது. ரியலின் கோல்கீப்பர் கோர்டுவா 9 முறை தடுத்தார். வினிசியஸ் 59-ஆம் நிமிடத்தில் ஒன்றை உள்ளே தள்ளினார். கால் ஓய்ந்தது என்பதைவிட, கோலுக்கு எதிரே நின்ற மனிதரைத் தாண்ட முடியவில்லை என்பதே நான் கண்டது. குடியாத்தம் நண்பர் சொன்ன 330 நிமிடங்களோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். பிப்ரவரியிலேயே, அந்த மே மாதக் காயங்களுக்கு முன்பே, இறுதி ஆட்டத்தில் கோல் வரவில்லை.

மைத்துனருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லீகின் கடைசி நாளான மே 22-ஆம் தேதி இரவு 69-ஆம் நிமிடத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 என்று சிட்டி தோற்றுக்கொண்டிருந்தபோது, உல்வ்ஸுடன் 1-1 என்று இருந்த லிவர்பூலுக்கு ஒரே ஒரு கோல் போதுமாக இருந்தது. 76, 78, 81 ஆகிய நிமிடங்களில் சிட்டி மூன்று கோல்களை அடித்த பிறகுதான், 84-ஆம் நிமிடத்தில் சலாவின் கோல் வந்தது. அன்று ஒரு நிமிடம்கூட லிவர்பூல் பட்டியலின் உச்சியில் இல்லை. அந்த சிட்டியோ அக்டோபரிலேயே வெஸ்ட் ஹாமிடம் லீக் கோப்பையை விட்டு வெளியேறிவிட்ட அணி, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலிடமே 2-3 என்று தோற்ற அணி. தேர்வு எழுதிய பாடங்கள் இருவருக்கும் ஒன்றல்ல.

காட்பாடிக்காரன்:

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. லீக் விஷயத்தில் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன்; பிரைட்டன் ஆட்டத்தைச் சனிக்கிழமை மறுபடி பார்க்கப் போகிறேன். பாரிஸ் பற்றி அரைமனதாகத்தான் ஏற்கிறேன். ஆகவே மைத்துனருக்குக் கால் கிலோ மக்கன் பேடா வாங்கித் தருவதாக இருக்கிறேன். மீதி கால் கிலோ சாம்பியன்ஸ் லீக் கணக்கில் நிலுவையில் நிற்கட்டும்.