நைரோபி லோக்கல் ரயில்: குற்றவாளி மீட்டர் கேஜா?

பாயிண்ட்ஸ்மேன்:
பக்கத்து இழையில் ‘நேர்வழி’ எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தனியாகத் திறக்கிறேன். "நைரோபி லோக்கல் ரயிலில் ஜனம் பிதுங்கக் காரணம் வெள்ளைக்காரன் போட்ட மீட்டர் கேஜ். அதைப் பிடுங்கிவிட்டு ஸ்டாண்டர்ட் கேஜ் போட்டால் தீர்ந்தது" என்கிறார்.

சார், கேஜ் என்பது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. மீட்டர் கேஜ் 1000 மி.மீ., ஸ்டாண்டர்ட் கேஜ் 1435. நடுவே உள்ள 435 மி.மீ.யில் கூட்டம் கரையாது. ஒற்றைத் தடம் என்றால் கணக்கே வேறு. எதிரெதிர் வண்டிகள் விலகும் இரண்டு கிராசிங் லூப்புக்கு நடுவே 8 கி.மீ., வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று வையுங்கள். அந்தத் துண்டைக் கடக்க 16 நிமிடம், எதிர்வண்டிக்கு இன்னொரு 16. தடம் பிரிக்கும் பாயிண்டை மாற்ற, அடுத்த துண்டில் நுழைய அனுமதியான லைன் கிளியர் வாங்க நாலைந்து நிமிடம். மணிக்கு ஒரு பக்கம் இரண்டு வண்டிகூடத் தேறாது. கேஜை மாற்றினாலும் இதேதான்.

நேர்வழி:
நைஜீரியாவின் லாகோஸ் பற்றிய இழையிலும் இதே ராகம்தான் பாடினீர்கள். கேஜ் அகன்றால் பெட்டி அகலும், பெட்டி அகன்றால் ஆள் கூடும். ஐந்தாம் வகுப்புப் பாடம். நைரோபி–மொம்பாசா மடராக்கா எக்ஸ்பிரஸ் 2017 மே 31-இல் ஸ்டாண்டர்ட் கேஜில் ஓட ஆரம்பித்தது. மொம்பாசாவுக்கு ஐந்தாறு மணி நேரம். பழைய மீட்டர் கேஜ் வண்டி ராத்திரி முழுக்க உருண்டது.

பாயிண்ட்ஸ்மேன்:
பெட்டி எவ்வளவு அகலலாம் என்பதைப் பாலமும் சுரங்கமும் பிளாட்பாரமும் தீர்மானிக்கும், தண்டவாள இடைவெளி அல்ல. டோக்கியோ சூவோ தடம் 1067 மி.மீ.தான். பெட்டி 2.95 மீட்டர், கூட்ட நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. லண்டன் ட்யூப் உங்கள் 1435. பெட்டி அதைவிடக் குறுகல்.

மடராக்காவும் பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். அது நைரோபிக்கு வெளியே சியோகிமாவுவிலேயே நின்றுவிடுகிறது. அங்கே இறங்குகிறவர்களை ஊருக்குள் ஏற்றிப்போவது எந்த ரயில்? நீங்கள் பிடுங்கச் சொல்லும் மீட்டர் கேஜ்.

கிள்ளான்காரன்:
மலேசியாவில் எங்கள் லோக்கல் ரயில் கேடிஎம் கொமுட்டர் மீட்டர் கேஜ்தான். இரட்டைத் தடம், 25 கிலோவோல்ட் மின்சாரம். அதே பாதையில் ஈடிஎஸ் என்ற தூர எக்ஸ்பிரஸ் மணிக்கு 140 கி.மீ.யில் பறக்கிறது.

நேர்வழி:
அவர்களிடம் காசு இருக்கிறது. நைரோபிக்கு வந்தது என்ன? ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கழித்த டீசல் செட் (தனி இன்ஜின் இல்லாமல் தானே ஓடும் ரயில்) 11. மீட்டர் கேஜைக் கட்டிக்கொண்டு அழுதால் அடுத்தவன் போட்டுக் கழித்த சட்டைதான் கிடைக்கும்.

பாயிண்ட்ஸ்மேன்:
மயோர்க்காவில் முக்கியப் பாதை மின்சாரத்துக்கு மாறியதால் டீசல் செட் மிஞ்சியது. இரண்டு இடத்திலும் 1000 மி.மீ. என்பதால் சக்கரத்தைத் தொடாமலே இறக்கி ஓட்டலாம்.

இன்ஜின் இழுக்கும் ரேக், அதாவது பெட்டித் தொடர், கடைசி ஸ்டேஷனுக்கு வந்தால் என்ன நடக்கும்? கப்ளிங் கழற்றணும், பிரேக் ஹோஸ் பிரிக்கணும், இன்ஜினைப் பக்கத்து லைனில் சுற்றிக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டணும், பிரேக் சோதிக்கணும். 15, 20 நிமிடம் காலி, அதுவரை பிளாட்பாரமும் அடைபடும். டீசல் செட்டில் டிரைவர் இந்தக் கேபினிலிருந்து அந்தக் கேபினுக்கு நடந்தால் வேலை முடிந்தது.

பூங்கா ஸ்டேஷன்:
நீள ரேக் அள்ளும் கூட்டத்தைக் குட்டி செட் அள்ளுமா? இதை மட்டும் நைசாகத் தாண்டுகிறீர்கள்.

பாயிண்ட்ஸ்மேன்:
இரண்டு செட்டைக் கோத்து ஓட்டுங்கள். கேஜ் பற்றித்தான் இங்கே பேச்சு.

டிராலிமேன்:
ஜல்லியை ஒருத்தரும் தொடவில்லையே. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதிக்குள் தண்டவாளத்தை ஒட்டியே கடைகள். குப்பை, மண், சாக்கடை எல்லாம் ஜல்லியில் இறங்கினால் தண்ணீர் வடியாது. சக்கரம் ஏறும்போதெல்லாம் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் அமுங்கி எழுந்து சேற்றை மேலே பம்ப் அடிக்கும். ஜாயின்ட் தொங்கும், வேகத்தைக் குறைத்தே ஆகணும். அந்த நிலையில் மெஷின் வைத்து ஜல்லியை இறுக்கினாலும் அடுத்த மழையில் பழைய கதை. வாரிச் சலித்துப் போட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டணும்.

நேர்வழி:
அதையேதான் நானும் சொல்கிறேன். புது கேஜ் போட்டால் புது ஜல்லி வரும்.

பாயிண்ட்ஸ்மேன்:
புது ஜல்லி மீட்டர் கேஜில் கொட்டினால் உருகிவிடுமா?

லாகோஸை நீங்களே இழுத்தீர்கள். அங்கே லோக்கல் ரயில் ஓடும் சிவப்புத் தடம் ஸ்டாண்டர்ட் கேஜ். 2024 பிப்ரவரி 29-இல் திறப்பு விழா, ஜனம் டிக்கெட் எடுத்து ஏறியது அக்டோபரில். இபாதான் ஊருக்குப் போகும் வண்டிகளோடு தடத்தைப் பங்கு போடணும். ரயிலோ, அமெரிக்காவில் விஸ்கான்சினுக்காகச் செய்து, அங்கே வேண்டாமென்று விட்ட டால்கோ கம்பெனி ரயில். கேஜ் அகலம்தான், சட்டை யாருடையது?

நேர்வழி:
டால்கோ அங்கே பயணிகளை ஏற்றவே இல்லை. அது புதுசு. மயோர்க்கா வண்டி ஓடித் தேய்ந்தது. வித்தியாசம் தெரியாதவரோடு என்ன பேச?

பாயிண்ட்ஸ்மேன்:
வருஷக்கணக்கில் சும்மா நின்றது புதுசா? ஹோஸ், சீல் எல்லாம் நின்ற இடத்திலேயே இறுகிப்போகும் என்று உங்கள் டிராலிமேனையே கேளுங்கள்.

டிராலிமேன்:
நான் யாருடைய ஆளும் இல்லை.

பூங்கா ஸ்டேஷன்:
சென்னை பீச்–தாம்பரத்தில் 1931-லேயே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது.

நேர்வழி:
2004-இல் அதைப் பிடுங்கி அகலப்பாதை போட்டது ஏன்?

பாயிண்ட்ஸ்மேன்:
நாடு முழுக்க ஒரே கேஜ் என்ற கொள்கை.

நேர்வழி:
காரணம் கேட்கவில்லை. பிடுங்கினார்களா, இல்லையா?

பாயிண்ட்ஸ்மேன்:
ஏன் என்று கேட்டதே நீங்கள்தான். இரண்டு வரி மேலே ஏறிப் படியுங்கள்.

கிள்ளான்காரன்:
ஈடிஎஸ் 140-க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.